கிளையன்ட் கேட்கிறார், நாம் வரைகிறோம்: ஏமாற்று ஸ்கிரீனுக்கு டிசைனர் பொறுப்பா?

வரைகோல்_கோவை எழுதியது:

வணக்கம். ஃப்ரீலான்ஸ் யுஐ டிசைன் வேலை ஒன்று. குழந்தைகளுக்கான கற்றல் ஆப். மாதச் சந்தா 499 ரூபாய், முதல் 7 நாள் இலவசம், அதன் பிறகு யூபிஐ ஆட்டோபே வழியாகப் பணம் பிடிக்கப்படும். மொத்தம் 34 ஸ்கிரீன். பாதித் தொகை முன்பணமாக வந்துவிட்டது. 30 ஸ்கிரீனில் பிரச்சினை இல்லை. மிச்சம் நான்குக்கு கிளையன்ட் அனுப்பிய வேலைக்குறிப்புதான் (பிரீஃப்) தொண்டையில் முள்:

ஸ்கிரீன் 31: செக்-அவுட்டில் 10 ரூபாய் நன்கொடை, டிக் ஏற்கெனவே விழுந்திருக்க வேண்டும்.
ஸ்கிரீன் 32: விலைப் பக்கத்தில் 15 நிமிட டைமர். பக்கத்தை மூடித் திறந்தால் மறுபடி 15-லிருந்து ஓடும்.
ஸ்கிரீன் 33: சலுகை வேண்டாம் என்பவர் தட்ட வேண்டிய வரி, "என் குழந்தையின் படிப்பில் எனக்கு அக்கறை இல்லை".
ஸ்கிரீன் 34: சந்தாவை ரத்து செய்ய பட்டன் கிடையாது. ஒரு போன் நம்பர், அலுவலக நேரத்தில் மட்டும்.

சட்டப்படி இதில் டிசைனருக்குப் பொறுப்பு உண்டா? சட்டம் இல்லாவிட்டாலும் பொறுப்பு உண்டா? மறுப்பதென்றால் முன்பணம், ஒப்பந்தம், மீதி 30 ஸ்கிரீன் எல்லாவற்றையும் எப்படிக் கையாள்வது? ஒப்பந்தத்தில் "மூன்றாம் தரப்பு கோரும் இழப்பீடு அனைத்தையும் வடிவமைப்பாளர் ஏற்பார்" என்று ஒரு வரியும் இருக்கிறது.

---

பிக்சல்_பாண்டி:

ரொம்ப யோசிக்காதீங்க பாஸ். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? டார்க் பேட்டர்ன் (பயனரை ஏமாற்றிச் சம்மதிக்க வைக்கும் வடிவமைப்பு) பற்றி இந்தியாவில் இருக்கும் வழிகாட்டு நெறிமுறையை எடுத்துப் பாருங்கள். பிளாட்ஃபார்ம், விளம்பரதாரர், விற்பனையாளர் ஆகிய மூவருக்குத்தான் பொருந்தும். டிசைனர் என்ற சொல்லே அதில் இல்லை.

ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் மெயிலில் ஒப்புதல் வாங்குங்கள், பணத்தை வாங்குங்கள், அடுத்த வேலைக்குப் போங்கள். நீங்கள் வரையாவிட்டால் இன்னொருவர் 5,000 ரூபாய் குறைத்துக்கொண்டு வரைவார். ஆப்பில் அதே டைமர் ஓடும், உங்கள் வீட்டு வாடகை மட்டும் நிற்கும். அமெரிக்காவிலாவது ஒரே கிளிக்கில் ரத்து செய்யும் விதி இருக்கிறது. இங்கே அதுவும் இல்லை.

அந்த இழப்பீட்டு வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். அது மட்டும்தான் உங்களுக்கு உண்மையான ஆபத்து.

---

நூல்கண்டு:

பாண்டி சொன்னதில் பாதி சரி, பாதி தலைகீழ்.

சரியான பாதி: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறைகள் 13 வகைகளைப் பட்டியலிடுகின்றன. பொறுப்பு நிறுவனத்தின் மேல்தான் விழும், வெளியிலிருந்து வரைந்து கொடுத்தவர் மேல் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 20, 21-ஆம் பிரிவுகளின் கீழ் ஆணையம் உத்தரவிட்டு, அதையும் மீறினால் 88-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது 20 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். இதெல்லாம் உத்தரவை மீறியவருக்கு.

தலைகீழான பாதி: அமெரிக்காவில் எஃப்டிசி (நுகர்வோரைப் பாதுகாக்கும் மத்திய வர்த்தக ஆணையம்) கொண்டுவந்த "ஒரே கிளிக்கில் ரத்து" விதியை 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. இங்கேயோ, சந்தாப் பொறி என்று தனி வகையே நெறிமுறையில் இருக்கிறது. ரத்து செய்யும் வழியை மறைப்பது, அதைச் சிக்கலாகவும் நீளமாகவும் ஆக்குவது எல்லாம் அதற்குள் வரும். ஸ்கிரீன் 34 நேராக அதில் போய் உட்காருகிறது.

மற்றவற்றையும் ஒட்டிப் பார்த்துவிடலாம். டைமர், பொய்யான அவசரம். "அக்கறை இல்லை" வரி, வெட்கப்படுத்திச் சம்மதிக்க வைப்பது; காப்பீடு வேண்டாம் என்பவரை "நான் பாதுகாப்பில்லாமலே இருக்கிறேன்" என்று தட்டவைக்கும் விமான டிக்கெட் தளம்தான் நெறிமுறையே தரும் உதாரணம். நன்கொடை, கூடைக்குள் நுழைப்பது. இங்கே ஒரு நுணுக்கம். 2020 மின்வணிக விதிகளில் விதி 4(9), முன்கூட்டியே டிக் போட்ட பெட்டியால் சம்மதம் பதிவு செய்யக் கூடாது என்கிறது. ஆனால் அது பொருள், சேவை வாங்குவதற்கான சம்மதம். நன்கொடை அதற்குள் வருமா என்று வக்கீல் வாதாடலாம். கூடைக்குள் நுழைக்கும் வகையில் அந்த வாதத்துக்கு இடமில்லை, அறக்கொடை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். மெயிலில் மேற்கோள் காட்டினால் இதைக் காட்டுங்கள்.

நீங்கள் நான்கு ஸ்கிரீன் என்றீர்கள். ஐந்தாவது ஒன்று அந்த "பிரச்சினை இல்லாத" 30-க்குள் ஒளிந்திருக்கிறது. 7 நாள் இலவசம் என்று சொல்லி அதற்கே ஆட்டோபே அனுமதி கேட்கிறார்கள் அல்லவா? இலவசச் சந்தாவைப் பெற, கட்டண விவரமோ தானியங்கிப் பற்று அனுமதியோ கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் சந்தாப் பொறியின் கீழ் எழுதப்பட்டிருக்கிறது. பாதி ஊர் ஆப்கள் இதைச் செய்வதால் யாருக்கும் கண்ணில் படுவதில்லை.

அம்பு விஷயம். அம்புக்கு இலக்கு தெரியாது. டிசைனருக்குத் தெரியும். ஃபோக்ஸ்வாகன் டீசல் மோசடியில் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளில் வேலை செய்த பொறியாளர் ஜேம்ஸ் லியாங்குக்கு 2017 ஆகஸ்டில் 40 மாதச் சிறையும் 2 லட்சம் டாலர் அபராதமும் விதித்தார்கள். நிறுவனத்தின் திட்டத்தைச் செயல்படுத்தினார் என்பது அவரைக் காப்பாற்றவில்லை. அது குற்றவியல் வழக்கு, உங்கள் டிக் பாக்ஸ் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் "மேலே சொன்னார்கள்" என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை என்று அதில் தெரியும்.

---

தச்சன்மகள்:

சட்டம் நிறுவனத்தைப் பிடிக்கட்டும். டிசைனரின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்றால், பிரீஃபில் எழுதப்படாத இடத்தில். "ரத்து செய்வதைக் குறைக்கணும்" என்று மட்டும்தான் மேனேஜர் சொல்வார். அந்த எழுத்தைச் சாம்பலாக்குவது, 12 அளவுக்குச் சுருக்குவது, பட்டனாக இருந்ததை வெறும் வரியாக்குவது எல்லாம் நம் கை செய்யும் வேலை. வெள்ளைப் பின்னணியில் #999999 என்ற வண்ணக் குறியீட்டுச் சாம்பலின் மாறுபாடு 2.85:1. பார்வை குறைந்தவரும் படிக்க வேண்டும் என்பதற்கான அணுகல்தன்மைத் தரம் சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5:1. #767676 போட்டால் 4.54 வந்துவிடும். இந்த எண்ணை எந்த மேனேஜரும் சொல்லித் தருவதில்லை.

இப்போது ஸ்கிரீன்களுக்கு வருவோம்.

டைமர். வரையும் முன் டெவலப்பரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: முடியும் நேரம் எங்கிருந்து வருகிறது? சர்வரிலிருந்து, எல்லோருக்கும் அல்லது அந்தக் கணக்குக்கு ஒரே நேரமாக வந்து, முடிந்ததும் விலை நிஜமாகவே ஏறினால் அது அறிவிப்பு, தாராளமாக வரையலாம். போனிலேயே 15 பெருக்கல் 60 என்று எண்ணத் தொடங்கினால் அது பொய். உண்மைச் சலுகை என்றால் டைமரே தேவைப்படாது, "ஞாயிறு இரவு 12 மணி வரை" என்ற ஒரு வரி போதும்.

நன்கொடை. டிக் இல்லாத பெட்டி, யாருக்குப் போகிறது என்று ஒரு வரி, டிக் போட்டால் மட்டும் மொத்தத்தில் 10 ரூபாய் கூடுவது கண்ணெதிரே தெரிய வேண்டும். ஸ்கிரீன் 33-க்குப் பதில் வாசகம் தேடி மண்டையை உடைக்க வேண்டாம், "வேண்டாம்" போதும்.

ரத்து. அமைப்புகள், சந்தா, ரத்து. சந்தாப் பக்கத்திலிருந்து இரண்டே திரை. முதல் திரையில் ஒரு மாற்றுச் சொல்லலாம், ஒன்றே ஒன்று: ஒரு மாதம் நிறுத்தி வைப்பது அல்லது குறைந்த திட்டம். அதற்குக் கீழே, அதே அகலத்தில், அதே எழுத்தளவில் ரத்து பட்டன், உயரம் 48 டிபிக்குக் (ஆண்ட்ராய்டில் திரை அளவைக் குறிக்கும் அலகு) குறையாமல். இரண்டாவது திரையில் எந்தத் தேதி வரை பயன்படுத்தலாம், அடுத்து பணம் பிடிக்கப்படாது என்ற உறுதி, கூடவே எஸ்எம்எஸ் அல்லது மெயில். காரணம் கேட்க ஆசை என்றால் ரத்து முடிந்த பிறகு கேளுங்கள், கட்டாயமில்லாமல்.

நான்கு பக்கம், ஆறு கிளிக், பதினைந்து தேர்வு. அமேசான் பிரைமிலிருந்து வெளியேறும் வழியை எஃப்டிசி 2023 புகாரில் இப்படித்தான் எண்ணி எழுதியது. நிறுவனத்துக்குள் அந்த வழிக்கு வைத்திருந்த பெயர் 'இலியட்', நீண்ட போர்க் காவியத்தின் பெயர். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு வழக்கு முடிந்தது: 100 கோடி அபராதம், 150 கோடி வாடிக்கையாளருக்குத் திருப்பி. மூன்று உயரதிகாரிகளைத் தனிப்பட்ட முறையிலும் பிரதிவாதியாகச் சேர்த்திருந்தார்கள். "வேண்டாம், எனக்கு இலவச டெலிவரி தேவையில்லை" என்ற பட்டன் இனி இருக்கக் கூடாது என்பது தீர்வின் ஓர் அம்சம். உங்கள் ஸ்கிரீன் 33-க்கு அண்ணன்.

---

பிக்சல்_பாண்டி:

அமெரிக்க விதி விஷயத்தில் திருத்தியதற்கு நன்றி, தெரியாது.

ஆனா ஒன்று. கிளையன்ட்டிடம் போய் "இதெல்லாம் வேலைக்கு ஆகாது சார், கஸ்டமர் கோவிச்சுப்பாங்க" என்று சொல்லிப் பாருங்கள். டெஸ்ட் போட்டுக் காட்டிவிடுவார், டிக் போட்ட பெட்டிதான் ஜெயிக்கும். அப்புறம் உங்கள் பேச்சுக்கு மரியாதை இருக்காது.

---

ஏழரை_மணி_பஸ்:

பாண்டி சொல்வது நூற்றுக்கு நூறு. டார்க் பேட்டர்ன் வேலை செய்யாது என்று வாதாடாதீர்கள், ஏனென்றால் வேலை செய்கிறது. ஜேமி லுகுரி, லியோர் ஸ்ட்ராஹிலெவிட்ஸ் இருவரும் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், லேசான ஏமாற்று வடிவத்தைப் பார்த்தவர்கள் சந்தாவில் சேர்ந்தது இரண்டு மடங்குக்கு மேல், கடுமையானதைப் பார்த்தவர்கள் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. கடுமையானதற்குக் கோபம் வந்தது, லேசானதற்கு அவ்வளவாக வரவில்லை. லேசானதில் அதிகம் விழுந்தவர்கள் குறைவாகப் படித்தவர்கள். குழந்தையின் ஆப்புக்குப் பணம் கட்டும் பெற்றோரில் யார் யார் இருப்பார்கள் என்று யோசித்தால், "சின்ன டிக்தானே" என்பது சின்னதில்லை என்று புரியும்.

அதனால் கிளையன்ட்டிடம் இரண்டு பேச்சையும் கலக்காதீர்கள். எதை வரைய மாட்டீர்கள் என்பது ஒன்று, அது எண்ணைப் பார்த்து மாறாது. எதை அளக்க வேண்டும் என்பது வேறு. ரத்து விகிதத்தை மட்டும் பார்க்காமல் பணம் திருப்பிக் கேட்டவர்கள், வாடிக்கையாளர் சேவைக்கு வந்த "என்னைக் கேட்காமல் எடுத்தீர்கள்" புகார்கள், மூன்று மாதமாக ஆப்பைத் திறக்காமலே பணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள், இந்த மூன்றையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். கடைசி எண் பெரிதாக இருந்தால் அந்த வருமானம் மறதியிலிருந்து வருகிறது.

ஆட்டோபேயில் போன் நம்பர் தந்திரம் எப்படியும் ஓட்டை. ஆர்பிஐ விதிப்படி பணம் பிடிக்க 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு போயாக வேண்டும். அதைப் பார்த்தவர் தன் யூபிஐ ஆப்பிலேயே மேன்டேட்டை (தானியங்கிப் பற்று அனுமதியை) நீக்கிவிடலாம், உங்கள் கிளையன்ட்டின் போனுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. தெரிந்தவர் நொடியில் போய்விடுவார், தெரியாதவர் மாட்டிக்கொள்வார். போனவர் ஏன் போனார் என்பதும் நிறுவனத்துக்குத் தெரியாது.

வேலைமுறைக்கு வருகிறேன். "அறமில்லை" என்று மெயிலில் எழுதினால் வாக்குவாதமாகும். வாட்ஸ்அப்பில் எழுதினால் காணாமல் போகும். மெயில், இப்படி:

"ஸ்கிரீன் 31-ல் நன்கொடைப் பெட்டி டிக் போட்டபடி வர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். 2023 டார்க் பேட்டர்ன் நெறிமுறையில் இது கூடைக்குள் நுழைப்பதாக வரும். டிக் இல்லாத வடிவத்தை இணைத்திருக்கிறேன். டிக் போட்ட வடிவத்தை நான் வரைந்து தர இயலாது. மற்ற ஸ்கிரீன்கள் ஒப்புக்கொண்ட தேதியில் வரும்."

ஒரு ஸ்கிரீனுக்கு ஒரு மெயில். நான்கையும் ஒன்றாகக் கொட்டினால் மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள். டைமரில் ஒத்துப்போவார்கள், ரத்து பட்டனில் இழுப்பார்கள், அது பரவாயில்லை. 2025 ஜூனில் மின்வணிகத் தளங்களை மூன்று மாதத்துக்குள் சுயதணிக்கை செய்யச் சொல்லி ஆணையம் அறிவுறுத்தியது. "தணிக்கை செய்துவிட்டீர்களா, இந்த நான்கும் அதில் எப்படி வந்தது?" என்று அப்பாவியாகக் கேட்டால், பல இடங்களில் விஷயம் மார்க்கெட்டிங் ஆளிடமிருந்து சட்ட ஆலோசகரிடம் போய்விடும். அவர் நமக்காகப் பேசுவார்.

டிசைன் கருவியான ஃபிக்மாவின் இலவசத் திட்டத்தில் பதிப்பு வரலாறு 30 நாள்தான். எந்தத் தேதியில் எதைக் கொடுத்தீர்கள் என்பதற்கு ஒவ்வொரு முறையும் பிடிஎஃப் எடுத்து மெயிலோடு இணையுங்கள். கொடுத்த பிறகு அவர்களே டிக்கைப் போட்டுக்கொண்டால், நீங்கள் கொடுத்தது எது என்பதற்கு அதுதான் சாட்சி.

இழப்பீட்டு வரி: முழுதாக எடுக்க மறுத்தால் இரண்டு திருத்தம். "கிளையன்ட் எழுத்தில் வலியுறுத்திய அம்சங்களுக்குப் பொருந்தாது" என்பது ஒன்று. "மொத்தப் பொறுப்பு பெற்ற கட்டணத்தைத் தாண்டாது" என்பது இன்னொன்று. முன்பணத்தைப் பொறுத்தவரை, 34 ஸ்கிரீனுக்குப் பாதி என்றால் 17 ஸ்கிரீனுக்கான தொகை. 30 கொடுத்துவிட்டால் அவர்கள்தான் உங்களுக்குத் தர வேண்டும், கணக்கைத் தெளிவாகப் போட்டு அனுப்புங்கள். அடுத்த ஒப்பந்தத்தில் முதல் பக்கத்திலேயே "நடப்புச் சட்டத்துக்கு மாறான ஸ்கிரீன்கள் பணிப் பட்டியலில் சேராது" என்று ஒரு வரி. வேலை தொடங்கிய பிறகு சொல்வதைவிட இது நூறு மடங்கு எளிது.

இன்னொருவர் குறைத்துக்கொண்டு வரைவார் என்பது உண்மைதான். வரையட்டும்.

---

வரைகோல்_கோவை:

எல்லோருக்கும் நன்றி. இலவசக் காலத்துக்கு ஆட்டோபே கேட்பதும் அதில் வரும் என்பது தலையில் அடித்த மாதிரி இருக்கிறது, அந்த ஸ்கிரீனை நேற்றுதான் முடித்து அனுப்பினேன். இன்று திரும்பக் கேட்கிறேன். 31, 32, 33-க்குத் தனித்தனி மெயில் போய்விட்டது. 34 நாளை.

தச்சன்மகள், ரத்து திரையின் தமிழ் வடிவத்தையும் நானே செய்ய வேண்டும். ஆங்கிலத்தை மொழிபெயர்த்துப் போட்டால் போதுமா?

---

தச்சன்மகள்:

போதாது. கெட்ட எண்ணமே இல்லாமல் டார்க் பேட்டர்ன் செய்துவிடக்கூடிய இடம் இதுதான்.

முதல் சிக்கல் "ரத்து" என்ற சொல். ஆங்கிலத்தில் உரையாடல் பெட்டியை மூடும் பட்டனுக்கும் சந்தாவை முறிப்பதற்கும் ஒரே சொல். அப்படியே மொழிபெயர்த்தால் "சந்தாவை ரத்து செய்யவா?" என்ற கேள்விக்குக் கீழே "ரத்து செய்", "சரி" என்று இரண்டு பட்டன் நிற்கும். எதைத் தட்டினால் சந்தா போகும்? வரைந்தவருக்கே சந்தேகம் வரும். நெறிமுறையில் தந்திரக் கேள்வி என்றொரு வகை இருக்கிறது, திட்டமிடாமலே அதற்குள் போய் விழுந்துவிடுவீர்கள். கேள்வியில் இருக்கும் சொல்லைத் தவிர்த்து, நடக்கப்போவதைப் பட்டனில் எழுதுங்கள்: "சந்தாவை நிறுத்து", "தொடரட்டும்".

இரண்டாவது சிக்கல் நம் மொழிக்கே உரியது. தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வரும். "ரத்து செய்ய வேண்டும்", "ரத்து செய்ய வேண்டாம்" என்று இரண்டு பட்டனைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், 360 டிபி அகலப் போனில் இடம் போதாமல் இரண்டுமே "ரத்து செய்ய…" என்று வெட்டுப்படும். அர்த்தத்தைத் தாங்கும் அசைதான் முதலில் போகிறது. ஆங்கிலத்தில் "டோன்ட்" முன்னால் நிற்பதால் இந்த விபத்து அவர்களுக்கு வராது, அதனால் டெம்ப்ளேட்டில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

ஆகவே பட்டன்களைப் பக்கவாட்டில் வைக்காமல் ஒன்றின் கீழ் ஒன்றாக, முழு அகலத்தில். வெட்டும் அமைப்பை அணைத்துவிட்டு இரண்டு வரிக்கு மடிய விடுங்கள். உயரத்தை நிலையாக வைக்காதீர்கள், மடிந்த வரியில் "வே", "டு", "ழு" ஆகியவற்றின் மேல்கீழ் உறுப்புகள் நறுக்கப்படும். இரண்டு பட்டனின் முதல் சொல்லும் வேறுவேறாக இருக்கட்டும். ஆண்ட்ராய்டு 14-லிருந்து எழுத்தளவை 200% வரை ஏற்றலாம், தாத்தா பாட்டி போன்களில் ஏற்றித்தான் இருக்கும். அந்த அளவில் ஒருமுறை, சாதாரண அளவில் ஒருமுறை, டிசைன் கோப்பில் இல்லை, கையிலிருக்கும் போனில் போட்டுப் பாருங்கள். டெவலப்பரிடம் கொடுக்கும் குறிப்பில் "இந்த இரு பட்டனிலும் எழுத்து வெட்டுப்படக் கூடாது" என்று தனி வரியாக எழுதுங்கள், இல்லையென்றால் பொதுப் பட்டன் அமைப்பிலேயே விட்டுவிடுவார்.